டிவியின் வெள்ளை எவ்வளவு வெள்ளை? மீட்டர் வைத்துப் பார்த்த அனுபவம்

வீட்டிலுள்ள 43 அங்குல எல்இடி டிவியின் நிறத்தை இந்த முறை கண்ணை மட்டும் நம்பாமல் அளந்தே பார்த்துவிட்டேன். புகைப்படத் தொழிலில் இருக்கும் நண்பர் திரையின் நிறத்தை அளக்கும் தன்னுடைய ஐ1 டிஸ்ப்ளே ப்ரோ கலரிமீட்டரைக் கொடுத்தார். மென்பொருள் எச்சிஎஃப்ஆர், இலவசம்தான். லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக ஒவ்வொரு நிறக்கட்டமாகத் திரைக்கு அனுப்பும். திரையில் ஒட்டினாற்போலத் தொங்கும் மீட்டர் அதை அளந்து சொல்லும்.

அளவுகோல், ஹெச்டி ஒளிபரப்புக்கான நிறத் தரநிலையான ரெக் 709. அதில் வெள்ளை என்றால் டி65, அதாவது சுமார் 6,500 கெல்வின் நிறவெப்பநிலை. எண் கூடினால் நீலம் கூடும். வர வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள இடைவெளிதான் டெல்டா ஈ. அது 3க்குள் இருந்தால் படம் பார்க்கும்போது பெரும்பாலும் கண்ணில் படாது.

அளப்பதற்கு முன் டிவியை அரை மணி நேரம் ஓட விட்டேன். மின்சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் சென்சார், டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்தேன். இவற்றில் ஒன்று ஓடினாலும் ஒரே கட்டத்துக்கு இரண்டு விடை வரும். மென்பொருளில் பின்னொளி வகையையும் வெள்ளை எல்இடி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டரே கொஞ்சம் பொய் சொல்லும்.

முதலில் விவிட், டிவியின் பளிச்சென்ற பட மோடு. வெள்ளை 10,000 கெல்வினைத் தாண்டி நின்றது, அப்பட்டமான நீலம். ஆனால் எண்ணைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. எங்கள் குடும்பக் கல்யாண வீடியோவில் ஓர் அரக்குப் பட்டுப்புடவை வரும். விவிடில் அது ஒரே சிவப்புத் திட்டு. கொசுவத்தின் மடிப்புகளே காணோம். சினிமா மோடுக்கு மாற்றியதும் மடிப்பின் நிழல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பீரோவில் இருக்கும் புடவையோடு ஒப்பிடுவது சோதனை ஆகாது, கேமராவே தவறாகப் பதிந்திருக்கலாம். மடிப்பை விழுங்கியது மட்டும் சந்தேகமில்லாமல் டிவிதான்.

அதனால் சினிமா மோடையே அடித்தளமாக எடுத்துக்கொண்டேன். வெள்ளை 7,000க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மீதியைச் சாம்பல் கட்டங்களை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். சாம்பலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்க வேண்டும். ஒன்று கூடினாலும் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். 80 சதவீதச் சாம்பலில் கெயின் (வெளிச்சமான பகுதியின் நிறத்தை மாற்றும் செட்டிங்), 30 சதவீதத்தில் ஆஃப்செட் (இருண்ட பகுதிக்கானது). பச்சையை நான் தொடவில்லை. ரெக் 709 கணக்கில் வெளிச்சத்தின் 72 சதவீதம் பச்சையிலிருந்துதான் வருகிறது. அதை நகர்த்தினால் எல்லாம் நகரும். நீலத்தைக் குறைத்து, சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன். மேலே திருத்தினால் கீழே கலையும், கீழே திருத்தினால் மேலே. மாறி மாறிப் போய் வந்து, பெரும்பாலான சாம்பல் கட்டங்களில் டெல்டா ஈ 2க்குள் வந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

நிறக்கட்டங்களில் சிவப்பும் நீலமும் நன்றாகவே வந்தன. பச்சைதான் ரெக் 709 எல்லையை எட்டவில்லை. அது பேனலின் வரம்பு, எந்த செட்டிங்கும் அதை நீட்டாது. மனிதத் தோல் நிறங்கள் அந்த எல்லைக்கு வெகு உள்ளே இருப்பதால் முகங்களுக்குப் பாதிப்பில்லை.

"படம் ஏன் மஞ்சளடிக்குது?" என்றார் அம்மா. நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். சில நாள் அப்படியே விடச் சொன்னேன். அப்புறம் ஒருநாள் விவிடைப் போட்டுக் காட்டியபோது முகமெல்லாம் வெளிறியிருப்பதாக அவரே சொன்னார்.

இன்னொரு விஷயம்: என் டிவியில் செட்டிங் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி. ஹெச்டிஎம்ஐயில் செய்ததை டிவியின் உள் ஆப்களுக்கும் கையால் ஏற்ற வேண்டியிருந்தது. அதே எண்களை இன்னொருவர் தன் டிவியில் போடுவதில் பயனில்லை. ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் வித்தியாசம் உண்டு.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சுள்ள படவகை, இன்னும் பாக்கி. அதில் பல படங்கள் 1,000 நிட் வெளிச்சத்துக்குத் தயாராகின்றன, என் பேனல் 300ஐத் தொடுவதே அதிகம். மீதியை டிவி தன் இஷ்டத்துக்கு அமுக்கும். அது எங்கிருந்து அமுக்கத் தொடங்குகிறது என்று முதலில் அளக்கப் போகிறேன்.