பக்கடாப் பாசி நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, மண்டபம்
காலில் கட்டு இறுக்குகிறது. அத்தை கடற்பாசி பறிக்கப் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 4
வாளி நிறையக் கடல்நீர், அதில் பக்கடாப் பாசி. டர்பினேரியா பேரினம் என்பதில் சந்தேகமே இல்லை. நாதஸ்வர அணைசு போல விரிந்த தடித்த இலை இங்கே வேறு எந்தப் பழுப்புப் பாசிக்கு உண்டு? தொல்லை அடுத்த பெயரில்தான்: இனம் ஆர்னேட்டாவா, கொனாய்டஸா? ஆர்னேட்டா என்றால் இலை விளிம்பில் ஒரு வரிசை முள், அதற்கு உள்ளே இன்னொரு வரிசை. கொனாய்டஸுக்கு விளிம்போடு சரி. காம்பும் மெலிந்து நீளும். லென்ஸில் பார்க்கிறேன்: மேல் இலைகளில் உள்வரிசை இருக்கிறது, கீழ் இலைகளில் இல்லை. ஒரே தண்டு!

ஆகஸ்ட் 5
இலைகளைப் பிளேடால் பிளந்தேன். சிலவற்றில் காற்றறை, சிலவற்றில் வெறும் சதை. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிரெஞ்சு பாலினேசியாவில் அலை மோதும் திட்டில் காற்றறை இல்லாமலும், உள்ளே அமைதியான நீரில் காற்றறையோடும் வளர்வது ஒரே ஆர்னேட்டாதான். அறுந்ததும் மிதந்து, 1980களிலிருந்து தீவு தீவாகப் பரவிவிட்டது. பாசிக்குக்கூடப் போக்கிடம் உண்டு.

ஆகஸ்ட் 6
பேராசிரியரிடமிருந்து அழைப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 8
வந்தது. பேராசிரியர் படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அடிப்பாகம் எங்கே?"

அத்தையிடம் சொன்னேன். விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தபடியே, "வேரோடு பிடுங்கினால் அடுத்த வருஷம் எதைப் பறிப்பது?" என்றார். அது வேர் அல்ல, நீரை உறிஞ்சாது, கல்லைப் பற்றிக்கொள்ள மட்டும்தான் என்று விளக்கினேன். "அப்படியென்றால் பிடுங்கலாமா?" பதில் சொல்ல வாய் வரவில்லை. அடியை விட்டு மேலே ஒடிப்பதால்தான் மறுபடி தழைக்கிறது. அவர் செய்வது சரி. இனத்தை உறுதிசெய்ய எனக்கு வேண்டியதும் அந்த அடிதான்.

குருசடைத் தீவில் எடுக்கலாமே என்கிறான் தம்பி. 1986 முதல் அது தேசியப் பூங்கா. பேச்சைப் பார்!

ஆகஸ்ட் 9
தாளில் அழுந்த மறுக்கிறது, பார்மலினில் போட்டேன். வீடெங்கும் நெடி. அத்தை ஜன்னலைத் திறந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 11
கச்சான் காற்று. இரவு முழுக்கத் தென்கடல் இரைந்தது. அறுந்தது எதுவும் கரைக்கு வரும். வர வேண்டும்.

ஆகஸ்ட் 12
ஒதுங்கியதெல்லாம் கட்டக்கோரை, அதாவது சர்காசம் என்ற இன்னொரு பழுப்புப் பாசி. குவியல் குவியலாக. அதற்குள்ளிருந்து தம்பி எடுத்துவந்தது ஒரே ஒரு பக்கடா. அடியிலிருந்து கிளைத்து ஓடிய பற்றுறுப்பு பவளச் சில்லை இன்னும் கவ்வியிருக்கிறது. கை நடுங்க லென்ஸை எடுத்தேன். இலைகள் தேய்ந்துவிட்டன. உள்வரிசை மட்டுமல்ல, வெளிவரிசை முள்ளும் இல்லை.

அடியோடு வந்தால் முள் இல்லை, முள்ளோடு வந்தால் அடி இல்லை. சிரிப்பதா?

ஆகஸ்ட் 13
கட்டுப் பிரிப்பது தள்ளிப்போய்விட்டது. சீட்டில் ஆர்னேட்டா என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14
பிடுங்கவே வேண்டாம். இடுப்பளவு நீரில், கல்லில் இருக்கும்போதே குனிந்து அடியையும் முள்ளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம். அத்தையிடம் இன்னொரு நீர்க்கண்ணாடி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.