மழையும் முதுகுப்பையும்

வேளச்சேரியிலிருந்து தரமணிக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். போன ஐப்பசி மழையில் பை நனைந்து, லேப்டாப்பை இரண்டு நாள் ஃபேனுக்குக் கீழே கவிழ்த்து வைக்க வேண்டியதாயிற்று. பையில் 'வாட்டர் ப்ரூஃப்' என்றுதான் எழுதியிருந்தது!

பிறகுதான் உற்றுப் பார்த்தேன். துணி நல்ல துணிதான். தண்ணீர் புகுந்தது ஜிப் வழியாகவும் தையல் ஓட்டைகள் வழியாகவும். உள்பக்கப் பூச்சு வேறு நம்மூர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்து உரிந்துகொண்டிருந்தது. ரெயின் கவர் போட்டாலும் முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். சட்டையில் வழியும் தண்ணீர் அங்கே இறங்கிவிடும்.

இந்த முறை ஜிப்பே இல்லாத, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி மாட்டும் பை. லாரித் தார்ப்பாய் மாதிரி பி.வி.சி. பூசிய துணி, தைக்காமல் சூட்டில் ஒட்டிய மூட்டுகள். 20 லிட்டர் எனக்குத் தாராளம். நெஞ்சுப் பட்டை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் குனிந்து மிதிக்கும்போது பை ஒரு பக்கம் சரியும். வாங்கிய அன்றே உள்ளே செய்தித்தாள் வைத்து ஷவருக்குக் கீழே பத்து நிமிடம் நிறுத்தினேன். தாள் மொடமொடவென்று அப்படியே இருந்தது.

குறை? காற்றே புகாததால் முதுகு வேர்த்து ஊற்றுகிறது, மாற்றுச் சட்டை எடுத்துப் போகிறேன். அப்புறம், டிபன் பாக்ஸில் சாம்பார் கசிந்தால் ஒரு சொட்டுகூட வெளியே போகாது. நேற்று தெரிந்துகொண்டேன்.