பிராங்காவின் இரண்டாவது பந்து

1951 அக்டோபர் 3, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஜயன்ட்ஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் ஒரே ஊர் பேஸ்பால் அணிகள், ஜென்மப் பகை. ஆகஸ்டில் டாட்ஜர்ஸைவிட 13 ஆட்டங்கள் பின்தங்கிக் கிடந்த ஜயன்ட்ஸ் எப்படியோ எட்டிப் பிடித்து, முதலிடம் யாருக்கு என்று முடிவுசெய்யும் மூன்று ஆட்ட பிளேஆஃபின் கடைசி நாள்வரை வந்துவிட்டது.

கடைசி இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4-1 முன்னிலை. நானாக இருந்தால் அப்போதே பஸ் பிடித்திருப்பேன். ஜயன்ட்ஸுக்கு ஒரு ரன் வந்தது. அடுத்த ரன்களுக்குக் காத்து இரண்டு பேர் பேஸில். களைத்துப்போன டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் நியூகோம்பை எடுத்துவிட்டு ரால்ஃப் பிராங்காவைக் கூப்பிட்டார்கள். முதுகில் 13ஆம் எண், சத்தியமாக! முதல் பந்து ஸ்ட்ரைக், அதாவது பிராங்காவுக்குச் சாதகம். இரண்டாவதை ஜயன்ட்ஸின் பாபி தாம்சன் இடதுபக்கச் சுவருக்கு மேலே தூக்கி அடித்தார்; பேஸில் இருந்த இருவரோடு அவரையும் சேர்த்து மூன்று ரன். 5-4, முடிந்தது கதை. அடுத்து ஆடக் காத்திருந்த பையன் யார் தெரியுமா? பின்னாளில் பெரிய நட்சத்திரமான 20 வயது வில்லி மேஸ்.

அப்புறம்தான் கூத்து. அந்த சீசனில் ஜயன்ட்ஸ் டெலஸ்கோப் வைத்து எதிரணி கேட்சர், அடுத்து எந்த மாதிரிப் பந்து என்று பந்துவீச்சாளருக்குக் காட்டும் சைகைகளைத் திருடிய விவரம் 2001இல் செய்தியாக வந்தது. அந்தப் பந்துக்குச் சைகை எதுவும் வரவில்லை என்றார் தாம்சன். சரி, நம்புவோம். எனக்கென்னவோ பிராங்காவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இத்தனைக்கும் பிற்காலத்தில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.