ஜாஸ் டிரம்ஸ் நுழைவுத் தேர்வு: பாட்டைப் பாடத் தெரியாமல் குச்சியை எடுக்காதீர்கள்

நேற்று காலை 10 மணிக்கு முடிவு வந்தது. பட்டியலில் என் தேர்வு எண் இருந்தது. மூன்று முறை சரிபார்த்துவிட்டு அம்மாவை அழைத்தேன்; பேச்சு வரவில்லை. சென்ற ஆண்டு இதே பட்டியலை மேலும் கீழுமாகத் தேடிச் சலித்தவன் நான். டோக்கியோவில் ஓர் இசைக் கல்லூரி, ஜாஸ் பிரிவு, டிரம்ஸ். மொழித் தகுதி, விசா, ஆவணங்கள் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் ஓராண்டைத் தின்ற தவறு எது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் முயற்சியில் ஸ்னேர் டிரம் பாடம் சுத்தமாகவே வந்தது. கோட்பாட்டுத் தாளும் மோசமில்லை. விழுந்தது சேர்ந்து வாசிக்கும் இடத்தில்தான். பியானோவும் பாஸ் வாத்தியமும் துணைக்கு வர, 12 பார் புளூஸ். பார் என்றால் நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் அலகு; இந்த புளூஸ் வடிவத்தில் 12 பாருக்கு ஒரு சுற்று முடியும். நான்கு பார் பியானோ, நான்கு பார் டிரம்ஸ் என்று மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். 32 பார் பாட்டில் இது தொல்லை தராது. ஒவ்வொரு எட்டு பாரின் பின்பாதியும் நமக்குத்தான். புளூஸில் ஒரு சுற்றுக்கு மூன்று பங்குகளே இருக்கின்றன. முதல் சுற்றில் 5 முதல் 8 வரை நம் பங்கு. அடுத்த சுற்றில் 1 முதல் 4, பிறகு 9 முதல் 12. சுற்றுக்குச் சுற்று இடம் மாறுகிறது. நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அடுக்கடுக்காக வேகம் காட்டினேன். ஒரு பார் கூடுதலாகப் போய்விட்டது. பியானோ வாசித்தவர் கையைத் தூக்கி எனக்காகக் காத்திருந்தார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் சமத்தில் வந்து விழாதபோது சபையே ஒரு கணம் மூச்சை நிறுத்துமே, அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

நேர்காணலில் அடுத்த அடி. "எந்த ஜப்பானிய டிரம்மர்களைக் கேட்கிறீர்கள்?" என்றார்கள். நான் அமெரிக்கர்களின் பெயர்களை மட்டுமே அறிந்து வைத்திருந்தேன். அவர்கள் நாட்டில் படிக்க இடம் கேட்டுப் போய், அவர்கள் கலைஞர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். தலை குனிந்தது.

பிறகு நான் போய்ச் சேர்ந்த ஆசிரியர் முதல் வகுப்பிலேயே, "எண்ணாதே, பாடு" என்றார். அப்போதுதான் ஜப்பானிய ஜாஸ் டிரம்மர் தகேஷி இனோமதாவின் கதையைச் சொன்னார். 1936-இல் ஹியோகோவில் பிறந்தவர். வெஸ்ட் லைனர்ஸ் என்ற குழுவை நடத்தியவர். பிறகு சவுண்ட் லிமிடெட் குழுவோடு ஜாஸ் ராக் பக்கம் போனவர். பெயரும் குழுவும் இருந்த நிலையில் அமெரிக்கா சென்று ஆலன் டாசனிடம் மாணவராக உட்கார்ந்தார். திரும்பி வந்து ரிதம் கிளினிக் சென்டர் என்ற பெயரில் டிரம்ஸ் பள்ளியும் நடத்தினார். ஊரே அறிந்த வாசிப்பாளர் மறுபடி பாடம் கேட்கப் போனார் என்பது, ஒரு தோல்வியில் சுருண்டு கிடந்த எனக்கு மருந்தாக இருந்தது.

டாசன் 1957 முதல் 1975 வரை பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் கற்பித்தவர். புகழ்பெற்ற டிரம்மர் டோனி வில்லியம்ஸின் ஆசிரியர். கை, கால் பயிற்சி எதுவானாலும் மாணவர் வாயால் ஒரு பாட்டின் மெட்டைப் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்பது அவர் முறை. மெட்டு ஓடிக்கொண்டிருந்தால் நாம் எந்த பாரில் இருக்கிறோம் என்று தேட வேண்டியதில்லை. சொல்கட்டைச் சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமும் அல்ல. இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண் என்றே சொல்வேன்.

ஓராண்டு நான் செய்தவை:

- ஐந்து பாட்டுகள் மட்டும். இரண்டு புளூஸ், மூன்று 32 பார். மெட்டு, பாஸ் வரி இரண்டையும் பாடும் வரை டிரம்ஸ் செட்டில் உட்காரவில்லை.
- பாடிக்கொண்டே ரைடு சிம்பல் (தாளத்தை ஓட்டிச் செல்லும் பெரிய தட்டு). காலால் மூடும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட் 2, 4-ஆம் எண்ணிக்கைகளில்.
- மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, பிரஷ் (குச்சிக்குப் பதிலான கம்பித் தூரிகை) பயிற்சி, தினமும் அரை மணி நேரம். வேகமாக வாசிப்பது எளிது, மெதுவாக வாசிப்பதில்தான் குட்டு வெளிப்படும்.
- வீட்டில் ரப்பர் பயிற்சிப் பேட் மட்டும். காலால் பெரிய டிரம்மை அடிக்கும் கிக் பெடலின் அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்கும்.
- ஸ்டுடியோவில் தனிநபர் பயிற்சி நேரம். மணிக்கு 800 யென் கொடுத்தேன். முந்தைய நாள்தான் பதிவு திறக்கும், மறந்தால் போயிற்று.

நேர்காணலுக்காகப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு பேரை ஆழமாகக் கேளுங்கள். நான் ஜப்பானிய டிரம்மர்கள் தகேஓ மொரியாமாவையும் மசாஹிகோ தோகாஷியையும் எடுத்துக்கொண்டேன். மொரியாமா டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தாளவாத்தியம் படித்துவிட்டு, பியானோ கலைஞர் யோசுகே யாமாஷிதாவின் மூவர் குழுவில் கட்டற்ற ஜாஸை இடியாக வாசித்தவர். தோகாஷி 1970 வாக்கில் கால்களின் இயக்கத்தை இழந்தவர்; அதன்பின் கைகளால் மட்டுமே வாசிக்கும்படி செட்டையே மாற்றி அமைத்துக்கொண்டார். அவர் வாசிப்பில் ஒவ்வோர் ஒலிக்கும் இடையே எவ்வளவு இடம் விடுகிறார் என்று கேட்ட பிறகுதான் நான் என் நான்கு பார்களில் பாதியைக் காலியாக விடத் துணிந்தேன். இந்த ஆண்டு நேர்காணலில் இதைத்தான் சொன்னேன். பேராசிரியர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேர்வு நாளில் காத்திருக்கும் அறையில் உட்காராதீர்கள். பக்கத்தில் ஒருவர் தொடையில் தட்டும் வேகம் நம் பாட்டைக் கலைத்துவிடும். நான் மாடிப்படியில் தனியாக நின்று அந்தப் புளூஸை முணுமுணுத்தேன். கூடிப் பேசினால் பதற்றம் தணியும் என்பார்கள். எனக்குத் தணிந்ததே இல்லை.

உள்ளே போனதும் அதே பியானோ கலைஞர். இரண்டாம் சுற்று, 1-ஆம் பார், மெட்டு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 5-ஆம் பாரில் அவர் தலையை நிமிர்த்தாமலே நுழைந்தார்.

ஏப்ரலில் வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் ஒரு ஜோடி பிரஷ் வாங்க வேண்டும்; பழையதில் கம்பிகள் வளைந்துவிட்டன.