சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் மஞ்சள் பைத்திய எறும்பும் மண்ணும்: ஒரு பட்ட ஆய்வை நடத்தி முடிக்கும் வழி

மஞ்சள் பைத்திய எறும்பு பெருகிய தோட்டத்தையும் அது இல்லாத தோட்டத்தையும் ஒப்பிட்டு, ஒன்றில் மண்ணுயிர்கள் குறைவு என்று காட்டுவது எளிது. அந்தக் குறைவுக்கு எறும்புதான் காரணம் என்று நிறுவுவது கடினம். கிளறப்பட்ட நிலம், ஈரம், செடிச்சாறு உறிஞ்சும் செதில்பூச்சி மண்டிய செடி ஆகிய மூன்றும் இந்த எறும்புக்குப் பிடித்தவை. மண்ணுக்குள் இருக்கும் உயிர்களையும் இதே மூன்றுதான் மாற்றுகின்றன. ஏற்காட்டில் இந்தத் தலைப்பை எடுக்கிறவர்கள் களத்தில் இறங்கும் முன்பே இந்தச் சிக்கலை மனதில் வைத்து வேலையை அமைக்க வேண்டும். பாதியில் சரிசெய்ய முடியாது.

முதல் வேலை எறும்பை அடையாளம் காண்பது. மஞ்சள் பைத்திய எறும்பு (அறிவியல் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ்) 4 முதல் 5 மி.மீ. நீளமிருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு உடல், மிக நீண்ட கால்கள், தலையைவிட வெகுநீளமான உணர்கொம்பு. கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். தோட்டத் தொழிலாளர்கள் காட்டித் தருவது பல நேரம் முசுறாக, அதாவது மரத்தில் வாழும் செவ்வெறும்பாக இருக்கும். முசுறு இலைகளைத் தைத்துக் கூடு கட்டும், இது கட்டாது. ஐயமிருந்தால் லென்ஸில் உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள்: மஞ்சள் பைத்திய எறும்புக்கு 11, முசுறுக்கு 12. கறுப்பாக அதே போலத் தாறுமாறாக ஓடும் பாராட்ரெகினா லாங்கிகார்னிஸுக்கும் 12தான்.

அடுத்து, எதிர்பார்ப்பை எங்கிருந்தோ கடன் வாங்காதீர்கள். இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் 1989-இல் இந்த எறும்பின் பெருங்கூட்டம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அது கோடிக்கணக்கில் செந்நண்டுகளைக் கொன்றது. நண்டு தின்ற சருகும் நாற்றும் தின்ன ஆளில்லாமல் தரையில் பெருகின. அதைப் படித்துவிட்டு 'எறும்பு வந்தால் சருகு தடிமனாகும்' என்று கருதுகோள் எழுதுவது சேர்வராயனுக்குப் பொருந்தாது. இங்கே சருகைக் குறைப்பவை கறையான், மரவட்டை, மண்புழு, ஐசோபாட் என்னும் சிறு ஓட்டுடலி, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள். எறும்பு இவற்றில் எதைத் தாக்கும், எதைத் தாக்காது என்று தனித்தனியாக எழுதுங்கள். இன்னொரு பாதையும் இருக்கிறது. எறும்பு காவல் காக்கும் பச்சைச் செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் தேன்துளி செடியின் அடியில் சொட்டுகிறது. அந்தச் சர்க்கரை மண் நுண்ணுயிர்களுக்கு உணவு. ஆகவே உயிரிகள் குறைந்து மண் சுவாசம் (மண்ணுயிர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு) கூடுவதும் நடக்கலாம், இரண்டும் முரண் அல்ல. கேரளத்திலும் தமிழகத்திலும் தோட்டங்களில் பரவலாக இருக்கும் போன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ் மண்புழுவே வெளியிலிருந்து வந்ததுதான். மண்புழு எண்ணிக்கையை ஒரே தொகையாகத் தராமல் இனம் பிரித்துத் தர வேண்டியது இதனால்தான்.

அனுமதிக்கு நாள் ஒதுக்குங்கள். எஸ்டேட்டுக்கு உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் போதும். காப்புக்காட்டுக்குள் ஒரு சருகை எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலிலேயே பாருங்கள்.

எஸ்டேட்டில் ஒப்புதல் கிடைத்ததும் ரைட்டரிடமும் (எஸ்டேட் கணக்கர்) மேஸ்திரியிடமும் உட்கார்ந்து ஐந்தாண்டு மருந்துக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஆய்வின் உயிர்நாடி அந்த நோட்டுதான். இலைத்துரு நோய்க்கு ஆண்டுதோறும் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) தெளித்த இடத்தில் மண்ணில் தாமிரம் சேர்ந்திருக்கும், தாமிரம் மண்புழுவுக்கு ஆகாது. வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டுக்குத் தண்டில் பூச்சிக்கொல்லி பூசியிருப்பார்கள். எங்கே சுண்ணாம்பு போட்டார்கள், எங்கே கொத்தினார்கள், எல்லாம் வேண்டும். எறும்புள்ள மனையும் (ஆய்வுக்கு எடுக்கும் நிலத்துண்டு) எறும்பில்லா மனையும் இந்த வரலாற்றில் ஒத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் உயர வேறுபாடு 100 மீட்டருக்குள் இருக்கட்டும். இது வெப்பம் விரும்பும் எறும்பு, மலை ஏற ஏற அதன் சுறுசுறுப்பு குறையும். நிழல்மரமும் ஒன்றாக இருக்கட்டும். சில்வர் ஓக் சருகையும் பலா, ஆல வகைச் சருகையும் ஒப்பிட்டால் சருகைத்தான் ஒப்பிடுவீர்கள், எறும்பை அல்ல.

ஒரு தோட்டத்தில் 20 குழிப்பொறி (தரையில் ஓடும் பூச்சிகள் விழும்படி மண்ணில் புதைத்த கப்) வைத்தால் அது 20 மாதிரி ஆகாது. தோட்டம் ஒன்று, அதற்குள் 20 உள்மாதிரி, அவ்வளவுதான். எறும்புள்ள மனை ஆறு, இல்லாதது ஆறு என்று ஆறு வெவ்வேறு எஸ்டேட்டுகளில் இணை இணையாக அமைத்தால்தான் முடிவு நிற்கும்.

எறும்பின் அடர்த்திக்கு 20 செ.மீ. சதுர வெள்ளை அட்டையை நான்காகக் கோடிட்டு, தரையில் வைத்து, ஒரு கால்பாகத்தைக் கடக்கும் எறும்புகளை 30 நொடி எண்ணுகிறோம். காலை, பிற்பகல் இரண்டு வேளையும் எண்ண வேண்டும். நண்பகல் வெயிலில் குறைவாகத் தெரிவதை வைத்து 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது.

குழிப்பொறிக்கு 7 செ.மீ. வாயுள்ள பிளாஸ்டிக் கப், விளிம்பு மண்மட்டத்தில் இருக்க வேண்டும். அரை செ.மீ. துருத்தினாலும் சிறு பூச்சிகள் சுற்றிப் போய்விடும். தோண்டிய மண்ணின் கிளர்ச்சியே எறும்பை இழுக்கும், ஆகவே கப்பைப் புதைத்து மூடி சில நாள் விட்டு, பிறகு திறந்து 48 மணிநேரம் வைக்கவும். உள்ளே ப்ரோப்பிலீன் கிளைக்கால், இரண்டு துளி சோப்பு. எத்திலீன் கிளைக்கால் வேண்டாம். அது இனிப்பானது, தோட்டத்து நாய் குடித்தால் சாகும். மேலே மூன்று செ.மீ. உயரத்தில் ஒரு தட்டுக் கூரை இல்லாவிட்டால் ஒரு மழையில் எல்லாம் வழிந்துவிடும். அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினால் குரங்கு பிடுங்கும். மரத்தில் சிறு பெயின்ட் புள்ளி போதும்.

குழிப்பொறி ஓடுகிறவற்றை மட்டுமே பிடிக்கும். சருகுக்குள் வாழ்பவற்றுக்கு ஒரு சதுர மீட்டர் சருகைச் சலித்து விங்க்ளர் பையில் (சருகு உலர உலர உயிரிகள் அடியிலுள்ள குப்பியில் விழும் துணிப்பை) 48 மணிநேரம் தொங்கவிடும் முறை, மண்ணுக்குள் இருப்பவற்றுக்கு பெர்லீஸ் புனல், அதாவது மேலிருந்து சூடேற்றி உயிரிகளைக் கீழேயுள்ள குப்பியில் இறங்கவைக்கும் புனல். புனலில்தான் அதிகம் கெடுகிறது. 5 செ.மீ. விட்டம், 10 செ.மீ. ஆழ மண்துண்டை உடைக்காமல், தலைகீழாக 2 மி.மீ. வலைமேல் வைக்க வேண்டும். அப்போதுதான் உயிரிகள் தாங்கள் வந்த துளை வழியே கீழே இறங்கும். மேலே 25 அல்லது 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் உண்டு, சூடு இல்லை, பூச்சி இறங்காது. முதல் நாள் பல்பை உயரத்தில் வைத்து, நாளுக்கு நாள் தாழ்த்துங்கள். எடுத்த எடுப்பில் சுட்டால் மேல்மண் காய்ந்து ஓடாகி, கொலம்போலாக்கள் (மண்ணில் வாழும் இறக்கையற்ற மிகச்சிறு உயிரிகள்) உள்ளேயே மடியும். வறண்ட மாதங்களில் ஐந்து முதல் ஏழு நாள் போதும். மழைக்காலத்தில் ஏற்காட்டு ஈரத்துக்குப் பத்து நாள் வரை ஆகும், மண் முழுக்கக் காயும்வரை நிறுத்தாதீர்கள். புனல்களை மலையிலேயே ஓர் அறையில் அமைப்பது நல்லது. கோடையில் மண்துண்டைச் சேலத்துக்கு இறக்கினால் கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலும் கீழே காத்திருக்கும் வெப்பமும் சேர்ந்து பாதி உயிரிகளை வழியிலேயே கொன்றுவிடும்.

மண்புழுவுக்கு 25 செ.மீ. சதுரம், 30 செ.மீ. ஆழம் தோண்டி வெள்ளைத் துணியில் கையால் பொறுக்க வேண்டும். ஆழத்தில் ஒளிந்தவற்றுக்கு லிட்டருக்கு 10 கிராம் கடுகுப்பொடி கரைத்துக் குழியில் ஊற்றினால் ஏறி வரும். புதிதாக அரைத்த பொடியாக இருக்கட்டும், பழையதில் காரம் போயிருக்கும்.

சருகுச் சிதைவுதான் இந்த ஆய்வில் விடை தரும் அளவீடு. 20 செ.மீ. சதுர நைலான் பையில் 10 கிராம் உலர்ந்த சருகு. காபி இலைக்குத் தனிப் பை, சில்வர் ஓக் இலைக்குத் தனிப் பை. 5 மி.மீ. கண்ணுள்ள பையில் மரவட்டை நுழையும், 0.1 மி.மீ. கண்ணுள்ளதில் நுண்ணுயிர்கள் மட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மண்விலங்குகளின் பங்கு. அந்தப் பங்கு எறும்புள்ள மனையில் குறைகிறதா என்பதுதான் கேள்வி. 30, 60, 90, 180 நாட்களில் எடுக்குமாறு பைகளை ஒரே நாளில் வையுங்கள். அறுவடை நவம்பரில் தொடங்குவதால் பறிப்பவர்களின் கால்படும் வரிசைகளைத் தவிர்க்கவும். எடுத்த சருகை 65 டிகிரியில் எடை மாறாத அளவுக்கு உலர்த்தி, ஒரு பகுதியை 550 டிகிரியில் எரித்துச் சாம்பல் எடையைக் கழியுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய மண் சருகாகக் கணக்கில் ஏறி, சிதைவே நடக்காதது போலத் தெரியும். தொடக்க எடையை மீந்த எடையால் வகுத்து, இயல்மடக்கை எடுத்து, காலத்தால் வகுத்தால் சிதைவு வீதம். இந்த எறும்பு பையையே கூடாக்கிக்கொள்ளக்கூடும், முட்டையும் புழுவும் இருந்த பைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மண் வேதியியலில் இரண்டே எச்சரிக்கை. இந்த மண் அமிலத்தன்மை கொண்டது. சமவெளி மண்ணுக்குப் பழகிய ஆய்வகம் வழக்கம்போல ஓல்சன் முறையில் பாஸ்பரஸ் பார்க்கும், பிரே முறை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வாக்லி–பிளாக் கரிமச் சோதனையில் நிழல்தோட்ட மேல்மண்ணை ஒரு கிராம் எடுத்தால் சோதனையில் ஊற்றும் ஆரஞ்சு நிற டைகுரோமேட் முழுதும் தீர்ந்து உடனே பச்சையாகிவிடும். கால் முதல் அரை கிராம் போதும்.

இனி, காரணத்தை நிறுவும் பகுதி. எறும்பை அகற்றிப் பார்க்க ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த இரை வைப்பது மண்ணாய்வில் தவறான வழி. கொலம்போலாக்களும் சேர்ந்து சாகும், பிறகு எதை அளப்பது? எறும்பு செடியேறித் தேன்துளி எடுப்பதைத் தடுப்பதே நல்லது. மனையின் எல்லாக் காபித் தண்டுகளிலும் நிழல்மரங்களிலும் முதலில் டேப் சுற்றி, அதன்மேல் பசை தடவுங்கள். பட்டையில் நேரே தடவினால் பட்டை வெந்துபோகும். தரையைத் தொடும் கிளைகளைக் கவாத்து செய்து, தண்டைத் தொடும் களையை நீக்குங்கள். ஒரு புல் போதும், அதன் வழியே மொத்தக் கூட்டமும் ஏறிவிடும். பசையில் தூசியும் செத்த எறும்பும் படிந்தால் அதுவே பாலமாகும், வாரந்தோறும் புதுப்பிக்கவும். ஒப்பீட்டு மனையிலும் அதே கவாத்து, அதே களையெடுப்பு, பசையில்லாத டேப். தடுப்புக்கு முன்பே ஒரு பருவ அளவீடு இருந்தாக வேண்டும்.

கணக்கில், எறும்பினங்களைத் தலை எண்ணிக்கையால் ஒப்பிடாதீர்கள். கூட்டத்தின் பாதையில் இருந்த ஒரு கப்பில் நூற்றுக்கணக்கில் விழும். எத்தனை கப்பில் அந்த இனம் இருந்தது என்பதே சரியான அளவு. பிற உயிரிகளின் எண்ணிக்கைக்கு ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில் எதிர்மறை ஈருறுப்புப் பரவலுடன் (negative binomial), எஸ்டேட்டைத் தற்செயல் காரணியாக (random effect) வைத்துக் கலப்பு மாதிரி (mixed model) ஓட்டலாம். போர்டோ தெளிப்பும் உயரமும் மாறிகளாக உள்ளே வரட்டும்.

ஒவ்வோர் இனத்திலும் சில மாதிரிகளை 70 சதவீத எத்தனாலிலும், டி.என்.ஏ.வுக்காகச் சிலவற்றைத் தூய எத்தனாலிலும் வைத்து, விலங்கியல் ஆய்வுத் துறை போன்ற நிரந்தரச் சேகரத்தில் ஒப்படையுங்கள். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும், பிறகு அது எந்தத் தோட்டத்து எறும்பு என்று யாராலும் சொல்ல முடியாது.