நைட் ஷிப்ட் தாள்கள்

ஜூன் 4, கிருஷ்ணகிரி

ஷிப்டில் வேலை செய்கிறவர்களின் மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் ஆய்வு. பகல் ஷிப்ட்காரர்கள் நிரப்பிய கேள்வித்தாள்கள் கைக்கு வந்தாச்சு. நைட் ஷிப்ட் கட்டு இன்னும் ஓசூரில்.

ஜூன் 5

மன அழுத்தத்துக்கு கோஹனின் பத்துக் கேள்வி, 0 முதல் 40 வரை. தூக்கத்துக்கு பிட்ஸ்பர்க் அளவுகோல், 0 முதல் 21 வரை. கோஹனில் 4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் நல்லவிதமாகக் கேட்பவை, அதனால் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடணும்: 0 என்றால் 4, 1 என்றால் 3. திருப்பாமல் கூட்டினால் மொத்தமே கெட்டுவிடும். பிட்ஸ்பர்க்கில் எண் ஏறினால் தூக்கம் மோசம் என்று அர்த்தம். ஆகவே எதிர்பார்க்க வேண்டியது நேர் ஒட்டுறவு, அதாவது ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். எதிர்க்குறி வந்தால் முதலில் மதிப்பெண் போட்டதைத்தான் சரிபார்க்கணும்.

ஜூன் 7

கட்டு வரவில்லை.

ஜூன் 8

கெழுவுக்கு (ஒட்டுறவின் அளவைச் சொல்லும் எண், -1 முதல் +1 வரை) முன்னால் சிதறல் படம், ஆளுக்கு ஒரு புள்ளி. இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் 1973-இல் காட்டிய நான்கு தரவுத் தொகுதிகளுக்கும் கெழு ஒன்றுதான், 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு. இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி இல்லாவிட்டால் உறவே கிடையாது.

பகல் ஷிப்டில் அழுத்த மதிப்பெண்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. வீச்சு (மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் மிகக் கூடியதற்கும் உள்ள தூரம்) சுருங்கினால் கெழுவும் சுருங்கும். இதை வைத்துக்கொண்டு 'தொடர்பில்லை' என்று எழுதிவிடுவது அநியாயம்.

ஜூன் 11

சாலை முழுக்க மாங்காய் லோடு. கட்டு நாளைக்காம்.

ஜூன் 12

வந்தது! சேர்த்துப் போட்டதும் கெழு ஏறியது. ஆனால் படத்தில் இரண்டு திட்டுகள்: இடப்பக்கம் கீழே பகல், வலப்பக்கம் மேலே இரவு. எந்தத் திட்டுக்குள்ளும் சாய்வில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கெழுவாக வருகிறது. அழுத்தத்தையும் தூக்கத்தையும் சேர்த்தே கெடுக்கும் மூன்றாவது மாறி, ஷிப்ட். பகல் 0, இரவு 1 என்று வைத்துப் பகுதி ஒட்டுறவு, அதாவது ஷிப்டின் பங்கை நீக்கிவிட்டு மிஞ்சும் ஒட்டுறவு, பார்க்கணும்.

திட்டுக்குள் சாய்வில்லாததற்குக் காரணம் வீச்சா, ஷிப்டா? திட்டுக்குள்ளே வீச்சும் குறைவுதானே.

ஜூன் 13

30 பேர் என்றால் 5% மட்டத்தில் (உறவே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வர நூற்றில் ஐந்து வாய்ப்பு) கெழு 0.361-ஐத் தொடணும், 100 பேருக்கு 0.197 போதும். 0.30 கிடைத்தாலும் வர்க்கம் 0.09. பகிர்ந்த மாறுபாடு, அதாவது ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் மற்றதோடு சேர்ந்து போகும் பங்கு, 9% தான்.

ஜூன் 15

அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதா, தூக்கமின்மை அழுத்தத்தை ஏற்றுகிறதா? ஒரே நாளில் நிரப்பிய தாள் இதற்குப் பதில் சொல்லாது. அதே ஆட்களை இடைவெளி விட்டு மறுபடி அளக்கணும்.

ஜூன் 16

வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவர்கள்! இரண்டு அளவுகோலும் கேட்பது கடந்த ஒரு மாதத்தை. இவர்களுக்கு ஷிப்ட் குறியீடு 0-ம் பொருந்தாது, 1-ம் பொருந்தாது. 'மாதத்தில் எத்தனை இரவு' என்ற கடைசிக் கேள்வி அதற்குத்தான்; பலர் காலியாக விட்டிருக்கிறார்கள். வருகைப் பதிவேடு கேட்டிருக்கிறேன்.