ஒற்றை வரி பேட்ச்சும் கல்லட்டி வளைவும்

டிஸ்க்கில் ஃபைல்களை வைத்துப் பராமரிக்கும் ஃபைல் சிஸ்டத்தின் பேட்ச்களில் (கோடு திருத்தங்களில்) ரிவ்யூவில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது ஒற்றை வரித் திருத்தத்துக்குத்தான். நூறு வரி மாறியிருந்தால் எல்லோரும் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு வரி என்றால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ‘சரி’ போட்டுவிடுகிறார்கள். எக்ஸ்டென்ட் என்பது டிஸ்க்கில் அடுத்தடுத்து இருக்கும் பிளாக்குகளின் தொகுதி; ஃபைலின் எந்தப் பகுதி எந்த எக்ஸ்டென்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் மேப்பிங்கில் அந்த ஒரு வரி தப்பானால் எரர்கூட வராது. வேறு இடத்து டேட்டா சத்தமில்லாமல் வந்து நிற்கும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 5-ஆம் வளைவு முதல் 9-ஆம் வளைவு வரை என்றால் ஐந்து; கழித்து நாலு என்பவர் ஒன்றைத் தொலைத்துவிட்டார். இதே கணக்குதான் இங்கும். ஃபைல் சிஸ்டம் இடத்தைப் பிரிக்கும் அலகான பிளாக், 4096 பைட் என்று வைத்துக்கொள்வோம். 1000-வது பைட்டிலிருந்து 4096 பைட் வேண்டும் என்றால், கடைசி பைட் 5095. தொடுவது பிளாக் 0, 1 இரண்டையும். நீளத்தை மட்டும் 12 பிட் வலப்பக்கம் தள்ளினால் (4096-ஆல் வகுத்தால்) ஒன்று என்றுதான் விடை வரும். தொடக்க பைட்டையும் கடைசி பைட்டையும் தனித்தனியாக பிளாக் எண்ணாக்கி, கழித்து, ஒன்று கூட்டியிருக்கிறார்களா என்று பேப்பரில் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது ஷிஃப்ட், அதாவது பிட்களை இப்படித் தள்ளுவது. பிளாக் எண் 1048576-ஐ பைட் கணக்காக்க 32 பிட்டிலேயே 12 இடம் இடப்பக்கம் தள்ளினால் (4096-ஆல் பெருக்கினால்) விடை பூஜ்யம். 4 ஜிபி-யில் இருக்கும் எக்ஸ்டென்ட், ஃபைலின் தலையில் இருப்பதாகத் தெரியும். திருத்துகிறேன் என்று ஷிஃப்ட் முடிந்த பிறகு 64 பிட்டுக்கு காஸ்ட் செய்தால் (வகை மாற்றினால்) பயனில்லை, போன பிட் போனதுதான். அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று பாருங்கள்.

லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-இல் இன்னொரு பொறி உண்டு. எக்ஸ்டென்ட்டின் நீளம் 16 பிட். அந்த எண் 32768 வரை இருந்தால் எக்ஸ்டென்ட் எழுதப்பட்டது. அதற்கு மேலே போனால் இடம் ஒதுக்கியும் இன்னும் எழுதப்படாதது, நிஜ நீளம் 32768-ஐக் கழித்து வருவது. ‘சிறியது அல்லது சமம்’ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘சிறியது’ போட்டால், 128 எம்பி நிறைந்த எக்ஸ்டென்ட் நீளம் பூஜ்யமாகிவிடும். சின்ன ஃபைலை வைத்து எவ்வளவு சோதித்தாலும் இது சிக்காது.

ஷிஃப்ட் தப்புக்கு டெஸ்ட் எழுத பெரிய டிஸ்க் தேவையில்லை. ட்ரன்கேட் கட்டளையில் 5 ஜிபி ஸ்பார்ஸ் ஃபைல் (அளவு மட்டும் உள்ள, இடம் பிடிக்காத வெற்று ஃபைல்), 4 ஜிபி ஆஃப்செட்டில் ஒரே ஒரு பிளாக், பிறகு அதை டிஸ்க்கில் எழுதவைக்க ஒரு சிங்க். எக்ஸ்டென்ட்களைப் பட்டியலிடும் ஃபைல்ஃப்ராக் கருவி காட்டும் லாஜிக்கல் எண்ணை (ஃபைலுக்குள் அந்த பிளாக்கின் இடத்தை) பார்த்தால் போதும். பேட்ச் இல்லாத கர்னலில் அந்த டெஸ்ட் தோற்கிறதா என்பதே முதல் கேள்வி. பேட்ச் உள்ளது, இல்லாதது இரண்டிலும் தேறினால் அது வேறெதையோ சோதிக்கிறது.

காற்றடித்து மரம் விழுந்து குன்னூரில் கரண்ட் போவதை கிராஷ் டெஸ்ட்டாக (எழுதும்போது பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற சோதனையாக) கணக்கில் வைக்க முடியாது. எந்த எழுத்துக்குப் பிறகு போனது என்று யாருக்குத் தெரியும்? லினக்ஸ் கர்னலில் உள்ள டிஎம்-லாக்-ரைட்ஸ், டிஸ்க்குக்குப் போகும் எழுத்துகளை வரிசையாகப் பதிந்து, வேண்டிய இடத்தில் நிறுத்தித் திரும்ப ஓட்டுகிறது.

பேட்ச்சோடு வரும் கமிட் குறிப்பில் ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்: தப்பு, மேப்பைக் காட்டும் வழியிலா, எழுதும் வழியிலா? காட்டும் வழியில் என்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறது. எழுதும் வழியில் என்றால் ஏற்கெனவே கெட்ட ஃபைலை இந்த பேட்ச் மீட்டுத் தராது. எக்ஸ்டென்ட்களை அடுக்கி வைத்திருக்கும் மரம் ஒழுங்காக இருக்கும்வரை, டிஸ்க்கைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கருவியும் வாய் திறக்காது.